உறுதியில் இல்லாத ஓடை

எங்கள் குடியேற்றத்தைப் பட்டணத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று தங்கச்சி வட்டிலப்பம் செய்து அனுப்பினாள். இனித் தெருவிளக்கு எரியும், குப்பை லொறி வரும் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். மழைத் தண்ணீர் போகிற வழிகளுக்கு அனுமதி கொடுப்பதும் அவற்றைப் பார்வையிடுவதும் இனிப் பிரதேச சபையின் வேலை இல்லை, நகர சபையின் வேலை என்பதும் அதே செய்தியில் இருந்தது. அதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வட்டிலப்பம் நன்றாக இருந்தது.

தங்கச்சியின் வீடு கடல்நீர்க் களப்புப் பக்கம் சரிகிற பள்ளத்தில் இருக்கிறது. யுத்தத்தில் எங்கள் சனம் மன்னாரை விட்டு வந்து, ஓலைக் கொட்டிலில் வருஷக்கணக்காகக் கிடந்து, கடைசியில் சொந்தக் காணிக்கு மாறியபோது, ஒவ்வொருவரும் வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்கள். அந்த இடைவெளியால் மழைத் தண்ணீர் களப்புக்கு ஓடும். பள்ளிவாசல் முற்றத்தில் நின்று எல்லாரும் வாயால் ஒத்துக்கொண்டது அது. வாயால் சொன்னதைக் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதித் தா என்று கேட்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதைப் போல. ஒருவரும் எழுதவில்லை. பிரதேச சபைக்காரரும் கேட்டதில்லை. ஆட்கள் அவரைக் கூப்பிடுவதே மாரி மழையில்தான், அதனால் ஓடையை ஓடும்போதே பார்த்திருந்தார்.

பிறகு தங்கச்சிக்குக் கீழே இருந்த காணி கைமாறியது. வாங்கியவர் ஒரு ஹார்ட்வெயார் முதலாளி. சாமான் வைக்க ஸ்டோரும் சுற்றிவர மதிலும் கட்ட நகரத்திடம் அனுமதி கேட்டார். பார்வையிட உத்தியோகத்தர் ஓகஸ்ட் மாத வெயிலில் வந்தார். எனக்கு வாய் நீளம் என்பதால் தங்கச்சி என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள்.

இளம் ஆள். மரியாதையான பிள்ளை. ஓடை இருந்த இடத்தில் புழுதி பறந்தது, இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. மாரியில் இங்கே முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் என்று நான் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், போனில் படம் எடுத்தார்.

“அக்கா, உறுதியில இல்லாத ஓடையை நான் எப்படி எழுதுறது? மண்ணுல ஈரம்கூட இல்லையே” என்றார்.

கெட்டவராக இருந்தால் நன்றாக ஏசியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

மதில் எழுந்தது. முதலாளியின் கூரைத் தண்ணீர் குழாய் வழியே தெரு வடிகானுக்குப் போக முறைப்படி அனுமதி இருந்தது. எங்கள் தண்ணீருக்குத்தான் யாரும் அனுமதி எடுத்திருக்கவில்லை.

தங்கச்சியின் மகள் வண்ணாத்திவில்லுவில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளை, கார்த்திகையில் பிறக்க வேண்டும். பிள்ளை பெற்று நாற்பது நாள் இருக்க உம்மா வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய அறை, பள்ளத்தின் பக்கம், மதிலைப் பார்த்த அறை. வேறு அறை இல்லை. என்னிடம் வரச் சொல்லலாம் என்றால் நான் இருப்பது கடைத்தெருவில் ஒரு மாடியில், அவள் படி ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் இடியோடு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. நான் அந்த அறை ஜன்னலில் நின்று பார்த்தேன். மேலிருந்து வந்த தண்ணீர் மதிலில் முட்டி நின்றது. பிறகு திரும்பியது. செத்தையையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் தள்ளிக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. கல் இடுக்குகளால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துதான் அடுத்த நாள் வற்றியது. எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துவிட்டது.

மழை பெய்து கொண்டிருக்கும்போதே நகரத்துக்கு போன் எடுத்தேன். மழைக்குள் பார்வையிட முடியாது, விட்டதும் வருவோம் என்றார்கள். சொன்னபடி வந்தார்கள். அதற்குள் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஆடுகளும் பழைய இடத்துக்கே வந்து படுத்துவிட்டன. அதே பிள்ளை அதே இடத்தில் நின்று மறுபடியும் படம் எடுத்தார். மதிலில் இருந்த ஈரக் கறையைக் காட்டினேன். அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்.

எழுதியதற்குப் பலனும் வந்தது. மதில் கசிகிறது, திருத்தவும் என்று முதலாளிக்கு உத்தரவு போயிற்று. அவர் மேசன்மாரை அனுப்பி, எங்கள் பக்கத்தில் அடியிலிருந்து மேல்வரை கசியாத சீமெந்து பூசிக் கொடுத்தார். இடுக்கெல்லாம் அடைபட்டது. இனி ஒரு சொட்டுப் போகாது. தங்கச்சி அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள்.

மதிலின் அடியில் ஒரு ஓட்டையாவது வையுங்கள் என்று முதலாளியிடம் கேட்டோம். வரைபடத்தில் ஓட்டை இல்லை, வைத்தால் அனுமதி போய்விடும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நாங்களே உடைத்தால் கேஸ் என்று நகரத்தில் சொன்னார்கள். தங்கச்சியின் புருஷன், என் மச்சான், கேஸ் என்ற சொல்லுக்கே வெலவெலத்துப் போகிற மனுஷர். எழும்பி முற்றத்துக்குப் போனார்.

நேற்றுக் காலையில் மகள் வந்து இறங்கினாள். வானம் களப்புப் பக்கம் கறுத்துக் கிடந்தது. கட்டில் கால்களுக்குக் கீழே மச்சான் இரண்டிரண்டு கல் வைத்து உயர்த்தியிருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள், கால் நிலத்தில் படவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டிச் சிரித்தாள். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அங்கே மச்சானின் நீட்டு இரும்பு அலவாங்கு கிடந்தது, மதில் உடைக்கிற கனம்.

“இது என்னத்துக்கும்மா?”

பிள்ளை பெற்றவள் படுக்கிற இடத்தில் இரும்பு வைப்பது எங்களில் வழக்கம்தான். தங்கச்சி அந்த வழக்கத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

“இரும்பு கிடந்தா நல்லது மகள். கெட்டது ஒண்டும் அண்டாது.”

“அதுக்குப் பாக்குவெட்டி போதுமே” என்றாள் அவள்.

மச்சான் ஜன்னலைச் சாத்தினார். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது.