பட்டறையில் நடந்த பரீட்சை

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட், மேலே தகரக் கூரை. தீப்பெட்டி ஆபீஸ்களில் தேய்ந்தும் உடைந்தும் போகிற மிஷின் சாமான்களைக் கடைந்து கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. மீதிக்குப் பம்புசெட் ஷாஃப்ட், எண்ணெய்ச் செக்குக்கு வேண்டிய உருளை என்று ஏதாவது வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். பையன்களைச் சேர்த்து ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து பழக்கி எடுப்பேன். ஒழுங்காகக் கடையத் தெரிந்த மறுமாதம் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே சம்பளம் கூட. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதியில் நிற்கிற வேலையை வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ்காரருக்குப் பதில் சொல்கிறவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் சிறுதொழில் செய்கிறவர்களை ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டு அரசாங்கத்தில் கூட்டம் போட்டார்கள். இளவயது அதிகாரி ஒருவர் ஒரு புதுத் திட்டத்தை விளக்கினார். பட்டறைக்குள்ளேயே வைத்து ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கிற முதலாளிக்கு, பயிற்சிக் காலத்தில் கொடுத்த சம்பளத்தில் பாதியை அரசாங்கம் திருப்பித் தரும். சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரின் சம்பளத்திலும் ஒரு பங்கு உண்டு. பயிற்சி பெறுகிறவர்கள் பெண்களாக இருந்தால் பங்கு கூடும். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் புது மிஷின் வாங்க மானியமும் கிடைக்கும். கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பரீட்சை வைப்பார். சேர்த்த அத்தனை பேரும் தேற வேண்டும், ஒருவர் தவறினாலும் ஒன்றும் கிடையாது.

இதைக் கேட்டதும் பாதிப் பேர் வடை தின்னக் கிளம்பிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி என் காதருகே குனிந்தார்.

“கவர்மெண்டு பணம் நம்ம கைக்கு வாரதுக்குள்ள நமக்குக் கண்ணு தெரியாமப் போயிரும், அண்ணாச்சி. வாங்க, டீ ஆறுது.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கழுகுமலைக்காரி அவள். கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“பொம்பளைன்னா கூடக் குடுக்காங்களா?”

“அப்படித்தான் சொல்லுதாங்க.”

“அப்ப பொம்பளையவே எடுங்க. கல்யாணம் ஆனவளாப் பாத்து எடுங்க. பிள்ளைகளை விட்டுட்டு கோயம்புத்தூருக்கு ஓட மாட்டா.”

“லேத்துல பொம்பளையா?”

“ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுட்டா அது சுத்துது?”

மறுவாரமே மனுப் போட்டேன்.

நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். மூன்று பேர் உள்ளூர்த் தீப்பெட்டி ஆபீஸ்களில் இருந்தவர்கள். அங்கே மிஷின் வர வர கைவேலை குறைந்துகொண்டிருந்தது. நான்காவது பெண் நாகலாபுரத்திலிருந்து வந்தாள். வானம் பார்த்த நிலம், இரண்டு வருஷமாகச் சரியான மழை இல்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் வந்து போக வேண்டும். பத்தாம் வகுப்புப் படித்தவள். குரல் பெரிது.

“இங்கன படிக்கதுக்கு நாங்க துட்டு குடுக்கணுமா, நீங்க குடுப்பீயளா?” என்று முதல் நாளே கேட்டாள்.

“நாங்கதான் சம்பளம் குடுப்போம்.”

“இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்கது இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே அண்ணாச்சி.”

சுற்றுகிற இரும்புக்கு முன்னால் சேலைத் தலைப்பு ஆபத்து. மனைவி காக்கித் துணி எடுத்துச் சேலைக்கு மேலே போடுகிற மாதிரி முழுக்கைச் சட்டை தைத்தாள். கொண்டையை உள்ளே தள்ளிக்கொள்ளத் தொப்பி. இந்தக் கோலத்தில் நான்கு பெண்கள் லேத் முன்னால் நிற்பதைப் பார்ப்பதற்கென்றே டீக்கடைக் கூட்டம் எங்கள் வாசலுக்கு இடம் மாறியது. ஒரு வாரம் பார்த்தார்கள். அப்புறம் அவர்களுக்கே சலித்துவிட்டது.

மாஸ்டர் ஒரு நூல் மில்லில் இராத்திரி ஷிப்டில் மிஷின் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் வயதுக்காரர், சிரிக்கத் தெரியாதவர். தொடக்கத்தில் யாரையும் லேத்தைத் தொட விடவில்லை. இரும்பை வைஸ் பிடியில் மாட்டி அரம் போடச் சொன்னார், அளவு எடுக்கச் சொன்னார், திரும்பவும் அரம் போடச் சொன்னார். உள்ளங்கை கொப்பளித்து ஒருத்தி அழுதாள். ஆனால் மறுநாள் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். நாகலாபுரத்துப் பெண் லேத்தைத் தொட்ட முதல் நாளே வெட்டுளியை உடைத்தாள். உடைந்ததை மறைக்காமல் கையில் தூக்கிக் காட்டி, “மாஸ்டர், ஒண்ணு போச்சு, இன்னொண்ணு குடுங்க” என்று பட்டறை முழுக்கக் கேட்கச் சொன்னாள். மாஸ்டர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாதங்கள் போயின. இரும்பிலிருந்து சுருள் சுருளாக நீலச் சீவல் உதிர ஆரம்பித்தது. ஐப்பசியில் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் மேற்கே கறுத்தது. விடிய விடிய மழை. ஊரே எதிர்பார்த்திருந்த மழை. கரிசல் நிலத்தில் இப்படி ஒரு மழை பெய்தால் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை கையும் விதைப்புக் காட்டில் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எனக்கு நாகலாபுரம்தான் ஞாபகம் வந்தது.

பரிசோதகர் மதுரையிலிருந்து சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். டீ கொடுத்தோம், பரீட்சை முடிகிறவரை எதுவும் வேண்டாம் என்றார். படி படியாகக் குறைகிற ஒரு தண்டைக் கடைந்து, அதன் நுனியில் மரை வெட்டி, அதற்குப் பொருந்துகிற நட்டும் செய்ய வேண்டும். இருந்தது இரண்டு லேத் என்பதால் காலையில் இரண்டு பேர், மத்தியானம் இரண்டு பேர். காலையில் கடைந்த இரண்டு பேரும் முடித்தார்கள். பரிசோதகர் அளந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

மத்தியானம் ஒரு லேத் ஓடியது. நாகலாபுரத்துப் பெண் வராததால் இன்னொன்று சும்மா நின்றது. பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

“பரீட்சை தொடங்கியாச்சு. நேரம் கூட்டித் தர மாட்டேன்” என்றார் என்னிடம்.

நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். மாஸ்டர் அந்தச் சும்மா நின்ற லேத்தைத் துடைத்து, உளியைத் தீட்டி வைத்தார்.

பாதி நேரம் போயிருக்கும். வாசலில் ஒரு லாரி நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து அவள் குதித்தாள். செருப்பு கையில் இருந்தது. முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு அப்பியிருந்தது.

“ஓடையில தண்ணி போகுது, பஸ்ஸு வரலை. மெயின் ரோட்டு வரைக்கும் நடந்தே வந்துட்டேன்.”

மனைவி வாளித் தண்ணீரோடு ஓடிப்போய் அவள் காலில் ஊற்றினாள். “ஏட்டி, இன்னைக்கு விதைப்பு இல்லையா?”

“விதைக்காவ அக்கா. மாமனாருதான் போகச் சொன்னாவ. நாங்க விதைச்சிக்கிடுதோம், அந்தச் சார் நமக்காக இன்னொரு தடவை வர மாட்டாரு, நீ கெளம்புன்னாவ.”

உள்ளே வந்து சட்டையை மாட்டினாள். பரிசோதகர் முன்னால் போய் நின்றாள்.

“பாதி நேரம் போய்விட்டது அம்மா. கூட்டித் தர முடியாது.”

“கூட்டிக் கேக்கல சார். மிச்சத்தைக் குடுங்க.”

அவர் வரைபடத்தை அவள் கையில் கொடுத்தார்.

அவள் அவசரப்படுவாள் என்று நினைத்தேன். அவசரமே படவில்லை. தண்டை மாட்டினாள், ஓட்டிப் பார்த்தாள், ஆட்டம் இருந்தது, கழற்றி மறுபடி மாட்டினாள். அதற்கே நேரம் போகிறதே என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் கை நிற்கவே இல்லை. ஒரு படி, அளவு, அடுத்த படி, அளவு. தன் வேலையை முடித்துவிட்ட இன்னொரு பெண் சுவரோரம் நின்று சேலை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நட்டு தயாரானது. தண்டின் நுனியில் மரை வெட்டிவிட்டு நட்டைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு சுற்றுப் போய் இறுகி நின்றது. கழற்றினாள். உளியை மயிரிழை உள்ளே தள்ளி இன்னொரு ஓட்டம் விட்டாள்.

திரும்பப் போட்டாள். போனது. கடைசி வரைக்கும் போனது.

லேத்தை நிறுத்திவிட்டுத் தண்டை மேஜை மேல் வைத்தாள். பரிசோதகர், “நேரம் முடிந்தது” என்றார்.

ஒவ்வொரு படியையும் அளந்தார். நட்டை நுனியில் வைத்து ஒரே விரலால் சுண்டினார். அது தானாகச் சுழன்று உள்ளே போனது. ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நாலு பேரும் பாஸ். இப்போ அந்த டீயைக் கொடுங்கள்.”

மனைவி டீ போடப் போகவில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நான்கு பேரும் ஆளாளுக்கு அந்தத் தண்டை வாங்கி நட்டைச் சுண்டிச் சுண்டி விளையாடினார்கள். பரிசோதகரும் இன்னொரு முறை வாங்கிச் சுண்டிப் பார்த்தார்.

மானியம் உடனே வரவில்லை. தூத்துக்குடியில் இருந்த மாவட்ட ஆபீசுக்குச் சில நடை நடந்தேன். ஆனால் வந்தது, சொன்னபடி முழுசாக வந்தது. அதை வைத்து மூன்றாவது லேத் வாங்கினேன். லாரியிலிருந்து அதை இறக்குகிற அன்று மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்த அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வந்து நின்றார். புது மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அந்த ஆபீசர் எங்கன இருக்காரு அண்ணாச்சி? எங்க ஆபீஸ் மிஷினைப் பாத்துக்கிட எங்க பொம்பளைகளுக்கும் சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கேன்.”

அழைத்துப் போனேன். அவருக்குப் பின்னால் வேறு சிலரும் போனார்கள்.

மறுவருஷம் எனக்கு இரண்டாவது பயிற்சி அணிக்கு அனுமதி கிடைத்தது. மாஸ்டர் மில் வேலையோடு இனிமேல் வர முடியாது என்றார். நாகலாபுரத்துப் பெண்ணையே மாஸ்டராகப் போட்டுக் காகிதத்தில் எழுதினேன். பரீட்சையில் தேறியவர் என்கிற சான்றிதழ் இருந்ததால் அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாஸ்டருக்கு உண்டான அரசாங்கப் பங்கு அவள் சம்பளத்தில் சேர்ந்தது. புதிதாக ஆறு பெண்கள் வந்தார்கள். மூன்று லேத்தும் ஒரே நேரத்தில் ஓட, அவற்றுக்கு மேலாக அவள் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. நிற்க இடம் போதாமல் பக்கத்துக் கொட்டகையையும் வாடகைக்குப் பிடித்தேன்.