ஆஹென் அக்காவின் இரண்டு நிமிடம்

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறைதான் எங்கள் வானொலியின் கலையகம். அரிசி மூட்டைகளுக்கும் பெரிய குளிர்பெட்டிக்கும் நடுவே ஒரு மேசை, இரண்டு மைக், ஒரு கணினி. இணையத்தில் ஒலிபரப்பானதால் நோர்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும்கூட அழைப்பார்கள். கிழமை நாட்களில் நான் தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களைச் சோதித்துப் பார்ப்பவன். சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் அந்த மேசையின் ஓரத்தில் இருந்து நேயர்களின் அழைப்பை எடுப்பேன். யார், எங்கிருந்து, என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுக் கொப்பியில் எழுதி, முறை வரும்வரை அவர்களை இணைப்பில் வைத்திருப்பேன்.

முதல் இரண்டு வருடங்கள் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். ஆஹென் நகரிலிருந்து ஓர் அக்கா அழைக்கத் தொடங்கியது அப்போதுதான். அவரை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை என்று மட்டும் தெரியும். முறை வரும்வரை அவர் சும்மா இருக்கமாட்டார்.

“தம்பி, இண்டைக்கு ஒரு ஜேர்மன் கிழவி சோறு வேணும் எண்டு ஒரே அடம். நான் சாப்பிட்டதைப் போன கிழமை எட்டிப் பாத்தவ.”

“குடுத்தியளோ அக்கா?”

“பருப்பும் விட்டுக் குடுத்தன். இனி உருளைக்கிழங்கைத் தொடமாட்டாவாம்.”

சொல்லிவிட்டுச் சிரிப்பார். என் வீட்டில் பிள்ளைகள் ஜேர்மனில் சிரிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. தமிழில் ஒருவர் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்க எனக்குச் சனிக்கிழமை வரவேண்டியிருந்தது.

பிறகு அரசியல் நிகழ்ச்சி தொடங்கினோம். எங்கள் அறிவிப்பாளர் கெட்ட மனிதரல்ல. நான் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தபோது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘டெர்மின்’ என்று சந்திப்பு நேரம் தந்த நாட்களிலெல்லாம் தன் வேலைக்கு லீவு போட்டு என்னோடு வந்து எனக்காகக் கதைத்தவர். ஆனால் மைக்கின் விளக்கு எரிந்ததும் அவர் வேறு ஆளாகிவிடுவார். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது கணினித் திரையில் தெரியும். யாரையாவது ‘துரோகி’ என்றால் அந்த எண் ஏறும். நாங்கள் இருவருமே அதைக் கவனித்தோம்.

ஒரு சனிக்கிழமை, இலங்கைப் போரில் செத்தவர்களை எப்படி நினைவுகூர்வது என்பது தலைப்பு. அக்கா அழைத்தார். அன்று சமையல் கதை எதுவும் இல்லை.

“எனக்கு ரெண்டு நிமிசம் காணும் தம்பி. குறுக்கை கதைக்க வேண்டாம் எண்டு அவரிட்டைச் சொல்லிவிடுங்கோ.”

சொன்னேன். அறிவிப்பாளர் தலையாட்டினார்.

“வணக்கம். நானும் விளக்குக் கொளுத்திறனான். என்ரை தம்பியைச் சுட்டது ஆமிக்காரன் இல்லை, எங்கடை இயக்க ஆக்கள்தான். அவனுக்கும் ஒரு விளக்கு...”

“நிப்பாட்டுங்கோ அக்கா. உங்களை ஆர் கதைக்கச் சொல்லிவிட்டது?”

“ஒருத்தரும் இல்லை. நான் சொல்ல வந்தது...”

“சும்மா ஒருத்தரையும் சுடேல்லை. உங்கடை தம்பி என்ன செய்தவர் எண்டு முதலிலை சொல்லுங்கோ.”

அறிவிப்பாளர் அக்காவின் ஒலியைக் குறைத்துவிட்டு, அடுத்த ஆளை விடும்படி எனக்குக் கையைக் காட்டினார். அந்த வாக்குவாதத்துக்குள்ளேயே இரண்டு பேர் அழைத்து இணைப்பில் காத்திருந்தார்கள். பெர்லினிலிருந்து ஒரு பெண், அந்த அக்காவை முழுதும் சொல்ல விடுங்கோ என்று கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார். மற்றவர் நான் எடுத்த நேரம் தொட்டே கத்திக்கொண்டிருந்த ஒருவர். நான் கத்தியவரை விட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் அக்காவையும், செத்துப்போன தம்பியையும், அவர்களைப் பெற்றவளையும் சொன்ன சொற்களை இங்கே எழுத என்னால் முடியாது. பெர்லின் பெண் காத்திருந்து வைத்துவிட்டார்; அதற்குப் பின் வந்தவர்களும் அதே வழியில்தான் போனார்கள். பாட்டு ஒன்று போட்ட இடைவெளியில் பார்த்தேன், அக்கா இன்னும் இணைப்பிலேயே இருந்தார்.

“அக்கா...”

“எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா.”

“நீங்கள்தானே தம்பி ஆக்களை எடுத்து விடுறது?”

அடுத்த அழைப்பின் மணி அடித்தது. “சரி, வைக்கிறன்” என்றார்.

அதன் பிறகு அந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மணி அடிக்கும்போதெல்லாம் அவராக இருக்கவேண்டும் என்று நினைத்தபடியே எடுத்தேன். ஒரு மாதம் பொறுத்து அக்காவைப் பற்றி அறிவிப்பாளரிடம் பேச்சைத் தொடங்கினேன்.

“அவ எங்களைப் பிரிக்க வந்தவ. விடும்” என்றார்.

“அண்ணை, அவ தன்ரை தம்பியைப் பற்றித்தானே சொன்னவ.”

“இந்த நேரத்திலை அதைச் சொல்லலாமோ எண்டுதான் நான் கேக்கிறன்.”

இனி வரமாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “உமக்கும் அந்தத் துரோகியளின்ரை குணம் தொத்திட்டுது” என்றார். கறிவேப்பிலை வாங்கப் போகும்போது இப்போதும் அவரைக் கடையில் காண்பதுண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த அலுவலக அறைக்கு வெளியே எனக்குக் கோப்பி வாங்கித் தந்து, “பயப்பிடாதையும், நான் கதைக்கிறன்” என்ற மனிதரையும் நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஐந்தாறு மாதங்களுக்குப் பிறகு, துணிவை வரவழைத்துக்கொண்டு அக்காவின் இலக்கத்துக்கு அழைத்தேன். குரலை உடனே கண்டுகொண்டார். “ஓ, தம்பியோ” என்றார், அவ்வளவுதான்.

“அக்கா, அண்டைக்கு உங்கடை ரெண்டு நிமிசம் முடியேல்லை. இப்ப சொல்லுறியளோ? நான் மட்டும்தான் கேக்கிறன்.”

எங்கோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொல்லத் தொடங்கினார்.

“அவனுக்குப் பத்தொன்பது வயசு. கூட்டாளியின்ரை சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ரியூசனுக்குப் போனவன். அந்தக் கூட்டாளியைத் தேடி வந்தவை, சைக்கிளைப் பாத்திட்டு இவனைச் சுட்டுப்போட்டினம். ரெண்டு நாள் கழிச்சு வீட்டை வந்து, பிழை நடந்திட்டுது எண்டு சொன்னவை. அம்மா அவைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ. பயத்திலை.”

அக்கா தொடர்ந்தார்.

“வந்ததிலை ஒரு பெடியன் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கேல்லை. அழுதவன். பிறகு அவனும் சண்டையிலை செத்திட்டான். நான் ஒருத்தரையும் திட்ட வரேல்லைத் தம்பி. ரெண்டு பேருக்கும்தான் விளக்கு வைக்கிறன். அதைத்தான் சொல்ல வந்தனான்.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அடுத்த சனிக்கிழமையும் போன் எடுக்கலாமோ அக்கா?”

“எடுங்கோ.”

இப்போதும் சனிக்கிழமைகளில் அழைக்கிறேன். மரியாதையாகக் கதைக்கிறார். பிள்ளைகளை விசாரிக்கிறார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார். ஊர்த் தேர்தலைப் பற்றி ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி” என்று பேச்சை முடித்துக்கொண்டார். எங்கள் இருவரைத் தவிர யாருமில்லாத இணைப்பிலும் அவருக்கு வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய அக்கா ஒரே ஒருமுறையாவது வந்துவிடமாட்டாரா என்று காதை அழுத்திக்கொண்டிருப்பேன்.

இதை எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்:

“எழுதுங்கோ. ஆனா என்ரை பேர் போடாதேங்கோ. தம்பியின்ரை பேரும் வேண்டாம், ஆரும் ஏதும் சொல்லுவினம்.”

தம்பியின் பெயரை அதுவரை அவர் எனக்குச் சொன்னதில்லை. அன்று சொன்னார்.