அடுத்த குண்டுக்குத் திரும்பாத உருளை

வடமராட்சியில் பிறந்து, ஒஸ்லோவில் பஸ் ஓட்டி, எல்லிங்ஸ்ருட் வீட்டில் கண்மூடிய எங்கள் சின்னண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்நினைவுமலர் உங்கள் கைகளுக்கு வருகிறது. உடன்பிறந்த எங்களை ஒவ்வொருவராக அவர் இங்கே அழைத்ததை நீங்கள் அறிவீர்கள். தங்கையாகிய நான், அவர் கேட்டும் எங்களால் கொடுக்க முடியாமற்போன ஒன்றைச் சொல்கிறேன்.

சுடுதல் கழகத்தில் சேர்ந்து, உரிமம் எடுத்து, பழைய ரிவால்வர் ஒன்றை வாங்கியிருந்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் இஞ்சை துவக்கு வாங்கியிருக்கிறான்" என்று பெரியண்ணா சீண்டினார்.

"அங்கை அது என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது. இஞ்சை கடதாசியைப் பாக்குது. விடுங்கோ அண்ணை."

இலக்குத்தாளின் முன்னால்தான் அவர் தோள்கள் இறங்கும். உறக்கத்திலும் அவை அப்படி இறங்கி நான் கண்டதில்லை.

பிறகு ரிவால்வரில் குண்டுகள் இருக்கும் உருளை நின்றது. விசையை இழுத்தால் அடுத்த குண்டுக்குத் திரும்பவில்லை. அதைத் தள்ளும் சிறு இரும்புக் கொக்கி, நகத்தளவு, தேய்ந்துபோயிருந்தது. அந்த நாட்களில்தான் கைத்தசைகள் சோரும் நோயும் தெரியவந்தது. கை முழுதாய் விட்டுப்போகுமுன் தன் ரிவால்வரால் ஒருதடவை சுடவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

ஸ்ட்ரோம்மன் பக்கம் துவக்குத் திருத்தும் நோர்வேக்காரரிடம் போனோம். செய்த கொம்பனி மூடிப் பலகாலம் என்றார். ஜெர்மனியிலிருந்து வந்த கொக்கி ஒன்று பொருந்தவில்லை. எழுதினோம், கேட்டோம், காத்திருந்தோம். பனி கரைந்தது, மறுபடி கொட்டியது.

"இதேமாதிரி ரிவால்வர் வைச்சிருக்கிற ஆரும் செத்தாத்தான் சாமான் வருமாம்" என்று காரில் சிரித்தார். "அந்த மனுசன் நல்லாயிருக்கட்டும், பிள்ளை."

கழகத்தார் தங்கள் ரிவால்வரைத் தர முன்வந்தபோது, "மற்றவன்ரை பல்லுச்செட்டைப் போட்டுச் சாப்பிடுறதே?" என்று மறுத்துவிட்டார்.

"துவக்குப் பழுதானமாதிரி உங்கடை பிடிவாதமும் ஒருநாளைக்குப் பழுதாகாதோ?" என்றார் அண்ணி.

பங்குனியில் விரல்கள் மடங்க மறுத்தன. அதன்பின் அவர் கேட்கவில்லை, நாங்களும் பேச்செடுக்கவில்லை. புரட்டாதியில் மூச்சு ஓய்ந்தது.

அண்ணியோடு கூடநின்ற தாதியர், சமைத்து அனுப்பிய அயலவர், தோள்கொடுத்துத் தூக்கிய பஸ் தோழர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அந்தத் திருத்துநருக்கும் நன்றி. உரிமம் சின்னண்ணாவோடு முடிந்ததால், கழக நண்பர் ஒருவரோடு சென்று ரிவால்வரை அந்தத் திருத்துநரிடமே ஒப்படைத்தேன். வேறு யாருக்காவது உதவுமா என்று கேட்டேன். இதேமாதிரி ரிவால்வருக்கு ஒரு பெரியவர் நெடுநாளாய்ச் சாமான் தேடுகிறார் என்றார்.

இதைக் கழற்றி அவருக்குக் கொடுங்கள் என்றேன். திருத்துநர் இல்லையென்று தலையை அசைத்தார்.

அந்தப் பெரியவருக்கும் வேண்டியது அந்தக் கொக்கிதானாம்.