மூன்றாவது வரிசைக்கு ஒரு துண்டு

எங்கள் தெருவில் பிள்ளைகளைப் பெட்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். முன்பக்கம் பெரிய மரப்பெட்டி பொருத்திய சைக்கிள் அது. நெதர்லாந்தில் அதற்குப் பக்ஃபீட்ஸ் என்று பெயர். எதிர்வீட்டு மரைக்கா தினமும் காலையில் தன் மூன்று பிள்ளைகளையும் அதில் அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தை மாட்டிவிட்டு மிதிக்க ஆரம்பிப்பாள். மழை அவள் மேல் மட்டும் பெய்யும். வந்த புதிதில் நான் ஜன்னலோரம் நின்று இதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். தாம்பரம் மார்க்கெட்டில் மூன்று சக்கர வண்டியில் தக்காளிக் கூடை போவதைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் போய்ப் பார்த்ததில்லை. "பெரிய கார் ஒன்று வாங்கிவிடலாமே" என்று ஒருநாள் மரைக்காவிடம் கேட்டேன். "எதற்கு? பெட்டி போதுமே" என்றாள், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்றே பேர். நான், என் கணவர் சாமுவேல், மகள் ரூத். பெட்டி சைக்கிளே எங்களுக்கு அதிகம். ஆனாலும் பழைய கார் படுத்துவிட்டபோது, வாங்கினால் ஏழு பேர் உட்காரும் வண்டிதான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அப்பாவும் அம்மாவும் தம்பி டேனியலும் அவன் மனைவி எஸ்தரும் ஒருமுறை வந்து போவதாகச் சொல்லியிருந்தார்கள். சொல்லிச் சில வருடங்கள் ஆகிவிட்டன என்பது வேறு விஷயம்.

கார் விற்பவர் பெயர் ஹென்க். முன்கூட்டியே நேரம் வாங்காமல் இங்கே நாய்க்குட்டியைக்கூடப் பார்க்க முடியாது, எனவே நேரம் வாங்கிக்கொண்டுதான் போனோம். காபி கொடுத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார், ஆளுக்கு ஒன்று எடுத்தோம், மூடிவிட்டார். பிறகு, "வீட்டில் எத்தனை பேர்?" என்றார்.

"மூன்று பேர்."

"அப்புறம் ஏன் ஏழு இருக்கை?"

"ஆட்கள் வருவார்கள். ஏற்றிக்கொண்டு போவேன்."

ஹென்க் பேனாவைக் கீழே வைத்தார். "டாக்ஸி ஓட்டுவதென்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்" என்றார், மிகுந்த அக்கறையோடு.

விளக்கினேன். அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி. எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். அடுத்த கோடையில், அல்லது அதற்கடுத்த கோடையில் என்றேன். அவர் கேலி செய்யவில்லை. இந்த நாட்டில் வண்டியின் எடையைப் பார்த்துத்தான் சாலை வரி. பெரிய வண்டி கனம், வரியும் கனம், டீசல் என்றால் இன்னும் கனம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். "நான்கு காலி நாற்காலிகளுக்கு வருடம் முழுக்க வரி கட்டப்போகிறீர்கள். ஐந்து பேர் வண்டி வாங்குங்கள். அவர்கள் வரும் வாரங்களுக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள்" என்றார். சாமுவேல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த மனிதர் சொன்னது சரியாக இருந்ததுதான் எரிச்சலுக்குக் காரணம்.

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு, கோடை விடுமுறைக்கு நானும் ரூத்தும் தாம்பரம் பக்கத்தில் சேலையூரில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டோம். வந்த அன்றே தெரிந்தது, இங்கேயும் அதே கூத்து நடந்துகொண்டிருக்கிறது என்று. அப்பா ஏழு பேர் வண்டி வாங்கப்போகிறார்!

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆனால் கார் வாங்கும் கணக்கை அவர் தாளில் போடவில்லை, ஊர் முழுக்க வாயால் விசாரித்தே போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் போதகரிடம் கைகொடுக்கப் போவார்கள், அப்பா கார் நிறுத்துமிடத்துக்குப் போவார். "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" என்பதுதான் ஸ்தோத்திரத்துக்கு அடுத்தபடியாக அவர் வாயில் வந்த வார்த்தை. கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கிற முன்பின் தெரியாத வண்டியின் கண்ணாடியைத் தட்டிக்கூடக் கேட்டிருக்கிறார். அவர்களும் இறக்கிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஹென்க் இதைப் பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார்.

கேஸ் வண்டி வாங்கினால் ஓட்டுகிற செலவு குறையும், ஆனால் சிலிண்டர் பின்னால் சாமான் வைக்கிற இடத்தை விழுங்கிவிடும். டீசல் இழுக்கும், விலை அதிகம். பழைய வண்டி மலிவு, ஆனால் எந்த டிராவல்ஸில் என்ன பாடு பட்டதோ. வெள்ளை நிறம் வேண்டவே வேண்டாம், பார்க்கிறவன் எல்லாம் ஏர்போர்ட் வருமா என்று கேட்பான். இப்படி ஒவ்வொன்றையும் அலசி வைத்திருந்தார். ஏழு என்பதை மட்டும் அலசவே இல்லை.

"இங்க இருக்கறது நாலு பேர்தானப்பா" என்றேன் சாப்பாட்டு மேஜையில். "அஞ்சு பேர் வண்டி வாங்குங்க. அம்மாவுக்கு முட்டி வலி, அதுல ஏறி எறங்க சுலபம். நாங்க வர்றப்ப வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்."

ஹென்க் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்லியிருந்தேன். அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "ஆள் வருதுன்னு தெரிஞ்சும் சீட்ட விட்டுக்குடுக்கச் சொல்றியா?" என்றார். மறுபடியும் பிசைய ஆரம்பித்தார். டேனியல் என்னைப் பார்த்து, சும்மா இரு அக்கா என்று கண்ணைக் காட்டினான்.

அப்பா சொன்னது எனக்கு மட்டும் நன்றாகப் புரியும். என் சிறுவயதில் விடுமுறைக்கு நாகர்கோவில் போவோம். சிட்டியிலிருந்து வருகிற பஸ் தாம்பரத்தில் நிற்பதற்குள் அப்பா கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிவார். துண்டு எந்த சீட்டில் விழுந்ததோ அது எங்கள் சீட்டு. அடுத்து அதே ஜன்னல் வழியாக என்னைத் தூக்கி உள்ளே விடுவார். அம்மாவும் அப்பாவும் தம்பியும் பெட்டி படுக்கையோடு வாசல் வழியாக வந்து சேரும்வரை, துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டு "ஆள் வருது, ஆள் வருது" என்று கத்துவது என் வேலை. நிற்கிறவர்கள் எல்லாம் முறைப்பார்கள், முணுமுணுப்பார்கள். ஆனால் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லாத அந்த உரிமையைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு முழுவதும் மதித்தது. அப்படிக் கத்திக் கத்தி வளர்ந்தவளே இப்போது சீட்டு வேண்டாம் என்றால் மனிதர் என்ன செய்வார்?

மறுநாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஷோரூமுக்குக் குடும்பத்தோடு போனோம். எஸ்தருக்கு மட்டும் ஆபீஸ். விற்பனைப் பிரிவிலிருந்த கார்த்திக் என்கிற இளைஞர் எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தார், ரூத்துக்கு இரண்டு. "சார், ஆறு சீட்டர் பாருங்க. நடு வரிசைல ரெண்டு தனித்தனி சீட்டு, கேப்டன் சீட்டுன்னு சொல்வாங்க. மேடத்துக்கு முட்டிக்கு சூப்பரா இருக்கும். ஒரே ஒரு சீட்டுதான சார் கம்மி" என்றார். ஒரே ஒரு சீட்டு என்றதும் அப்பாவின் கண் சாமுவேலைத் தேடியது. அவர் நெதர்லாந்தில் இருந்தார்.

ஓட்டிப் பார்க்கக் கிடைத்ததோ ஏழு சீட்டு வண்டி, அதுவும் வெள்ளை. டேனியல் ஓட்ட, கார்த்திக் பக்கத்தில் உட்கார, நாங்கள் நால்வரும் நடு வரிசையில் நெருக்கியடித்தோம். தாம்பரம் ஸ்டேஷனைத் தாண்டிப் பஸ் நிற்கிற இடம் வந்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். "பின்னாடி சீட்டுலதான் இவளும் மாப்பிள்ளையும் உக்காரப்போறாங்க. எப்படி இருக்குன்னு நான் உக்காந்து பாக்கணும்" என்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாங்களும் இறங்கி வழிவிட்டோம். கார்த்திக் நடு சீட்டை மடக்கிக் கொடுக்க, அம்மா முக்கி முனகி மூன்றாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

யோசித்துப் பாருங்கள். பஸ் நிற்கிற இடம். கதவு திறந்த வெள்ளை வண்டி. முதலில் ஒரு அம்மாள் ஏறிக் கடைசி சீட்டுக்குப் போகிறாள், மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள். ஷேர் வண்டி நிரம்புகிற முறை அச்சு அசல் இதுதான். கையில் ஒரு பெரிய ஒயர் கூடையோடு நின்றிருந்த ஒரு பெண்மணி என்னை லேசாக நகர்த்திவிட்டு, அம்மாவுக்குப் பின்னாலேயே ஏறி, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கெளாம்பாக்கம்தானே?" என்றார்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, உக்காருங்க" என்றாள்.

கார்த்திக் பேயறைந்தது போல் நின்றார். "மேடம், இது டெஸ்ட் டிரைவ் வண்டி!"

"இன்னா வண்டியா இருந்தா இன்னாப்பா, ரோட்ல போவுதுல்ல? எடுக்கச் சொல்லு. திண்டிவனம் பஸ்ஸு பூடும்" என்றார் அந்தப் பெண்மணி. அதற்குள் இன்னும் இருவர் கதவருகே வந்து, "அண்ணா, எடம் கீதா?" என்று தலையை நீட்டினார்கள். நாங்கள் பாய்ந்து ஏறிக் கதவைச் சாத்தினோம். டேனியல் வண்டியைக் கிளப்பினான். பெருங்களத்தூர் வருவதற்குள் கூடையில் இருப்பது கருவாடு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கார்த்திக் வாயைத் திறக்காமல் ஏ.சி.யைக் கூட்டினார்.

அம்மா விடவில்லை. "சீட்டு எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தாள்.

"சீட்டு ஷோக்கா கீதும்மா. கால் வெக்கத்தான் எடம் பத்தல. ஆமா, இன்னாத்துக்குக் கேக்கறே?"

"வாங்கலாம்னு பாக்கறோம். இந்த சீட்டு என் பொண்ணுக்கு. முன்னாடி உக்காந்திருக்கா பாருங்க. வெளிநாட்டுல இருக்கா, வருஷத்துக்கு ஒரு தடவ வருவா."

"அவ இல்லாங்காட்டி சும்மாதானே கெடக்கும்?"

"ஏன் சும்மா கெடக்கணும்? இப்ப நீங்க உக்காந்திருக்கீங்கல்ல" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. ஹென்க்குக்கு நான் சொல்லத் தெரியாமல் தவித்த பதிலை, முட்டி வலியோடு கருவாட்டு வாசனையில் உட்கார்ந்து அம்மா சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்காகப் பிடித்து வைத்த இடம் காலியாகக் கிடக்கப்போவதில்லை, அதே சமயம் அது என்னுடையதாக இல்லாமலும் போகாது.

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது அந்தப் பெண்மணி காசு நீட்டினார். டேனியல் மறுத்தான். ஓசியில் வரமாட்டேன் என்று நோட்டைக் கார்த்திக்கின் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார். டெஸ்ட் டிரைவில் கலெக்‌ஷன் பார்த்த ஒரே ஆள் கார்த்திக்காகத்தான் இருக்கும். டேனியல் வண்டியைத் திருப்பினான். வண்டலூர் வந்ததும் அப்பா முன்னால் சாய்ந்து கார்த்திக்கிடம், "தம்பி, ஏழு சீட்டு. வெள்ள மட்டும் வேணாம்" என்றார். நான், "ஆமாப்பா, ஏழே எடுங்க" என்றேன். அப்பா என் தலையில் ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான்.

வண்டி வந்தபோது நான் நெதர்லாந்துக்குத் திரும்பிவிட்டிருந்தேன். வீடியோவில் காட்டினார்கள். ஷோரூமில் வழக்கப்படி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்களாம். மறுநாள் போதகர் வந்து வண்டிமேல் கைவைத்து ஜெபித்தாராம். மூன்றாவது வரிசையில் இரண்டு ஈரோட்டுத் துண்டுகளை அப்பா மடிப்புக் கலையாமல் விரித்திருந்தார். இப்போது ஞாயிறுதோறும் பாடகர் குழுப் பெண்கள் இருவர் அந்தத் துண்டுகளின்மேல்தான் உட்கார்ந்து கோயிலுக்குப் போகிறார்கள். கால் வைக்க இடம் பத்தவில்லை என்று வாரம் தவறாமல் குறை சொல்கிறார்களாம்.

நான் மறுபடியும் ஹென்க்கிடம் நேரம் வாங்கினேன். காபி, ஒரு பிஸ்கட், டப்பாவை மூடினார். "எத்தனை பேர்?" என்றார்.

"ஏழு பேர். நான்கு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றேன். ஹென்க் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

வாங்கிவிட்டோம். வரி கனம்தான், கட்டிக்கொண்டிருக்கிறோம். பின் வரிசையை மடக்கித் தரையோடு தரையாக வைத்து, அதன்மேல் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றுவதுதான் வழக்கம். போன வாரம் கொட்டுகிற மழையில் மரைக்காவின் பெட்டி சைக்கிள் செயின் அறுந்து தெருமுனையில் நின்றது. பிள்ளைகள் மூவரும் பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் வண்டியை நிறுத்தி, முதல்முறையாகப் பின் சீட்டுகளை நிமிர்த்தினேன். ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா என் பயணப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்த இரண்டு துண்டுகளை ரூத் எடுத்து அவற்றின்மேல் விரித்தாள். "நாங்கள் ஈரமாக இருப்பதாலா?" என்று சங்கடப்பட்டாள் மரைக்கா. நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன்.

மரைக்காவின் கடைக்குட்டி, சொட்டச் சொட்ட ஏறி, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த சீட்டில் உட்காரப் போனது. ரூத் துண்டின்மேல் கையை வைத்து மறித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்து வழிவிட்டு, அந்தக் குழந்தைக்கு ஒரு எழுத்துகூடப் புரியாத தமிழில் கறாராகச் சொன்னாள்.

"உக்காந்துக்கோ. ஆனா ஆள் வருது."