சிக்கந்தர் ராவுத்தரின் ஏழாவது கட்டம்

பரவைச் சந்தையில் வெற்றிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மதுரையிலிருந்து திரும்பிய வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்காமலே என்னிடம் வந்து, "அண்ணே, பூட்டுக்கடை ராவுத்தர் காலையில மவுத்தாயிட்டாரு" என்றார். அன்று புதன்கிழமை. என் மனதில் முதலில் தோன்றியதைச் சொன்னால் நீங்கள் கோபிக்கக் கூடாது. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாமே என்று தோன்றியது. எங்கள் ஆட்டம் வெள்ளிக்கிழமை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது சிக்கந்தர் ராவுத்தர் கடையில் திண்டுக்கல் பூட்டு வாங்கியிருப்பீர்கள். நூறு சாவி கோத்த வளையத்தில் ஒரே தடவலில் உங்கள் சாவியை எடுத்துக் கொடுப்பாரே, அந்தக் கையையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கை சொக்கட்டான் ஆடியதைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அதனால் எழுதுகிறேன். எழுத வந்தது எனக்கு வயதான பிறகு. ஒரு பக்கம் முடிக்க ஒரு பகல் ஆகிறது. ஆனாலும் சொல்லுகிறேன், இவ்வளவு சுகமான வேலையை நான் என் வெற்றிலைக் கொடிக்காலில் கூடச் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக அவர் கடையை அடைத்துவிடுவார். தொழுகை முடிந்து, சாப்பாடும் ஆன பிறகு, கடையின் பின்கட்டில் சொக்கட்டான் துணியை விரிப்பார். சிலுவை மாதிரி நான்கு கை உள்ள துணி அது. கட்டங்களை நூலால் தைத்திருக்கும். நான்கு பேருக்கு நான்கு நிறத்தில் காய்கள். எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ராவுத்தர் பச்சை, நான் மஞ்சள். நாங்கள் ஒரு கட்சி. நூலுக்குச் சாயம் போடும் சுப்பையா கறுப்பு, தல்லாகுளத்துக் குமாஸ்தா ராகவன் சிவப்பு. அவர்கள் ஒரு கட்சி. சோழியைக் குலுக்கிப் போட்டு, விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டும். எதிரியின் காய் இருக்கும் கட்டத்தில் சரியாகப் போய் இறங்கினால் அதை வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து புறப்பட வேண்டும். மாலைத் தொழுகைக்கு அழைப்பு கேட்டதும் துணியை மடித்துவிடுவார். நான் ஜெயிக்கிற நேரத்தில் அழைப்பு வந்தாலும் மடித்துவிடுவார். "மாப்ள, அடுத்த வாரம் ஒண்ணு இருக்குல்ல" என்பார். அடுத்த வாரம் இருக்கிறது என்பதை அவர் சொன்னால் ஏதோ சொத்து இருக்கிற மாதிரி இருக்கும்.

ஜப்பான் சண்டைக்கு முந்திய ஒரு கோடையில் நடந்தது இது. ஆட்டத்தின் நடுவில் ராவுத்தருக்கு ஆறு விழுந்தது. அவர் பச்சைக் காயை விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு நகர்த்தி, சுப்பையாவின் கறுப்புக் காயை வெட்டினார். அது வீடு சேர நான்கே கட்டம் பாக்கியிருந்த காய்.

சுப்பையா முழங்கை வரை நீலமேறிய தன் கையை நீட்டி, கட்டங்களைத் திரும்ப எண்ணினார். ஏழாவது கட்டம்.

"ஆறு விழுந்துச்சு. ஏழு வச்சு வெட்டுறீங்க. மூணு வாரமாப் பாக்குறேன் ராவுத்தரே, ஒரு வாட்டியாவது கைதவறி ஒரு கட்டம் குறையுமான்னு. குறையவே மாட்டேங்குது."

குமாஸ்தா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். நான் என் கூட்டாளி சண்டைக்குப் போவார் என்று காத்திருந்தேன். அவர் காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "ஆமா சாயக்காரரே, கள்ளாட்டம்தான் ஆடிட்டேன்" என்றார்.

சுப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பின்னாலேயே குமாஸ்தாவும் போனார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உங்களோட கூட்டுச் சேந்ததுக்கு என்னையுமில்ல கள்ளன்னு சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு வண்டி பூட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனது ஆட்டத்துக்காக இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். துணி விரிக்கப்படவில்லை. ராவுத்தர் தனியாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் வெற்றிலை விலை பேசினோம். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பினாங்கில் இருக்கும் மகன் காசிமிடமிருந்து வந்தது என்றார்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு மாப்ள. நீ படிச்சுச் சொல்லு."

இந்த இடத்தில் என் கதையையும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். அது எழுத்து இல்லை, மனப்பாடம் செய்த ஒரு படம். எங்கள் ஊரில் இதற்காக யாரும் வெட்கப்பட மாட்டார்கள். ஆனால் பட்டணத்துப் பழக்கத்தில், முதல் வாரமே ராவுத்தர் கடையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, குமாஸ்தா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பத்து வருடம் அந்த நினைப்பை நான் கலைக்கவில்லை. வாராவாரம் பத்திரிகையை எடுப்பேன், பெருமூச்சு விட்டு மடித்து வைப்பேன். உலக நிலவரம் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா ராவுத்தரே, எனக்கும் பொடிசாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது.

"என் மவன் அரைப் பக்கத்துக்கு நாலு வார்த்தை எழுதுறவன். ஒவ்வொரு எழுத்தும் கத்திரிக்கா அம்புட்டு இருக்கும். பொடிசா எழுத அவனுக்கு வராது மாப்ள."

எனக்கு முகம் சுட்டது. அப்புறம்தான் யோசனை வந்தது. "அப்பப் பொடிசுன்னு நீங்க ஏன் சொன்னீக?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு எழுத்தே தெரியல. வாசல்ல வெளிச்சம் இருக்கு, அது தெரியுது. நீ இருக்கே, கறுப்பா ஒரு உருவம், அது தெரியுது. பெரியாஸ்பத்திரியில தனியாப் போயிக் காட்டினேன். இனித் திரும்பாதுன்னுட்டாரு டாக்டரு."

"அப்ப அந்த ஏழாவது கட்டம்?"

"ஆறுன்னுதான் நினைச்சேன். தையல் ஒரு இடத்துல விட்டுப்போயிருக்கு. விரலுக்கு ரெண்டு கட்டம் ஒண்ணாத் தெரியுது. யாரு காயி எங்கன்னு நீங்க பேசுறத வச்சுத்தான் நினைவுல வச்சுக்குவேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"கள்ளன்னா ஒரு மாசம் பேசுவாக. குருடன்னா கப்பல்ல ஏத்திருவாக மாப்ள. தம்பி கடையைப் பூட்டிருவான், மவன் வந்து பினாங்குக்குக் கூட்டிட்டுப் போயிருவான். அங்க யாரோட உக்காந்து ஆடுறது நான்?"

இரண்டு கிழவர்கள், நடுவில் ஒரு கடிதம், படிக்க ஆளில்லை. வீட்டில் தம்பி குடும்பத்திடம் கொடுத்தால் ஏன் நீங்களே படிக்கவில்லை என்று கேட்பார்கள். குமாஸ்தாவிடம் போகலாமா என்றேன். "அவரு காதுல போட்டா நாலு மாசி வீதியிலயும் தண்டோரா போட்ட மாதிரி" என்றார். படிக்கவும் தெரிந்து, வாயை மூடவும் தெரிந்த ஆள் எங்களுக்கு ஒருவர்தான் இருந்தார். அவர் பெயரை நான் சொல்லத் தயங்கினேன். ராவுத்தரே எழுந்து செருப்பைக் காலால் தேடினார்.

சுப்பையாவின் சாயப்பட்டறைக்கு என் தோளில் கை வைத்தபடி நடந்து வந்தார். வழியில் இரண்டு பேர் சலாம் சொன்னார்கள். குரலை வைத்துப் பெயர் சொல்லிப் பதில் சொன்னார். அந்த நடையில் எனக்கு ஒன்று புரிந்தது. கடையில் சாவியைத் தடவி எடுப்பது திறமை என்று எத்தனை பேரிடம் நான் பெருமையடித்திருக்கிறேன்.

சுப்பையா எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ராவுத்தர் உட்காரவும் இல்லை. நின்றபடியே சொன்னார்:

"அன்னைக்கு நான் ஏமாத்தல சாயக்காரரே. கட்டம் தெரியல. கண்ணு போயி ஆறு மாசமாச்சு. இதச் சொல்லத்தான் வந்தேன். கடுதாசி அப்புறம்."

சுப்பையா வெகுநேரம் ராவுத்தர் முகத்தையே பார்த்தார். அந்தக் கண்கள் தன்னைப் பார்க்கவில்லை என்று சுப்பையாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய உதடு கோணியது. "எழுத்து பொடிசு" என்று பழக்கத்தில் சொல்லி நான் நீட்டிய கடிதத்தை, கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். விரித்ததும், "இம்புட்டுப் பெரிய எழுத்த எவன்யா பொடிசுன்னது?" என்றார்.

காசிம் தன் அத்தாவுக்கு, அதாவது தகப்பனுக்கு, எழுதியிருந்தது இதுதான்: அத்தாவிடமிருந்து மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பயமாக இருக்கிறது. அத்தா தன் கையாலேயே நாலு வரி எழுதினால் நம்புவேன். இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் வந்து அழைத்துப் போவேன்.

தன் கையால். அதுதான் முடியாத காரியம். சுப்பையா எழுதினால் எழுத்து மாறிவிடும். ராவுத்தர் எழுதினால் வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். சுப்பையா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பலகையில் காகிதத்தை வைத்தார். அதன் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார், மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். "நூலத் தொட்டுக்கிட்டே எழுதுங்க. ஒரு வரி முடிஞ்சதும் நாங்க இறக்குறோம்."

ராவுத்தர் எழுதினார். முதல் வரியில் சலாமும் சுகமும். நூலை இறக்கினோம். பேனா நின்றது. கண்ணைப் பற்றி எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, மகன் நம்பிவிடுவான். நான் நூல் நடுங்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "இங்க வந்து இவருகிட்டச் சொல்லியாச்சு. அவன்கிட்ட மறைச்சு என்னத்துக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். சுப்பையா அதை உரக்கப் படித்தார்: "கண் போய்விட்டது. கடை நடக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டமும் நடக்கிறது. வந்து பார், கூட்டிப்போக வராதே."

அடுத்த வெள்ளிக்கிழமை சுப்பையா எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். துணியில் தையல் விட்ட இடத்தில் புது நூல் ஓடியிருந்தது. அவருடைய கறுப்புக் காய் நான்கின் கழுத்திலும் நூல் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. குமாஸ்தாவின் காய்களில் இரண்டு சுற்று, என்னுடையதில் மூன்று. ராவுத்தர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் சட்டை தச்சுட்டு என் பிள்ளைகள மட்டும் அம்மணமா விட்டுட்டீரே" என்றார். அன்று அவர் சுப்பையாவின் மூன்று காயை வெட்டினார். மூன்றையும் சுப்பையா எண்ணிப் பார்த்தார். எண்ணாமல் விட்டிருந்தால் ராவுத்தருக்குப் பிடித்திருக்காது.

காசிம் வந்தான், பார்த்தான், ஒரு மாதம் இருந்தான். தம்பியும் கடையைப் பூட்டவில்லை. புறப்படும் முன் காசிம் கேட்டது ஒன்றுதான்: என் கடிதத்தை யார் படித்துக் காட்டுவார்கள்? யாரும் பதில் சொல்லும் முன் நான் படிப்பேன் என்று சொல்லிவிட்டேன். ராவுத்தர் என் பக்கம் திரும்பி, "பொடிசா இருந்தா?" என்றார்.

அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் சுப்பையா பூட்டுப் பெட்டியின் அட்டையில் எழுத்துப் போட்டுக் கொடுப்பார். ராவுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் திணறும்போதெல்லாம் கேலி செய்வார். நான் வார்த்தை கூட்டத் தொடங்கிய சமயத்தில் சண்டை பினாங்கு வரை வந்துவிட்டது. கடிதம் நின்றது. மூன்றரை வருடம் ஒரு வரி இல்லை. அந்த வருடங்களிலும் வெள்ளிக்கிழமை துணி விரிந்தது. ராவுத்தர் காசிமைப் பற்றிப் பேசவே இல்லை. என்னிடம் மட்டும், "படிக்கிறத விட்டுறாத மாப்ள" என்பார்.

பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. தபால்காரரிடமிருந்து வாங்கிய கடிதத்தை வெள்ளிக்கிழமை வரை பிரிக்காமல், யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தார். என் கையில் கொடுத்தார். கத்திரிக்காய் எழுத்துத்தான். அத்தாவுக்கு என்பதைக் கூட்டினேன். மகன் காசிம் என்பதைக் கூட்டினேன். உயிரோடு என்ற வார்த்தை எனக்கு மூன்று துண்டாக வந்தது. அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. சுப்பையா எட்டிப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தபோது, கையை நீட்டித் தடுத்தார். முழுவதும் நானே படித்தேன். அன்று ஆட்டம் நடக்கவில்லை. அதே கடிதத்தை அழைப்பு கேட்கும் வரை ஐந்து தடவை படிக்கச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ராவுத்தருக்கு மண் போட்டு வந்த மறுநாள், காசிமுக்கு நீங்களே எழுதுங்கள் என்று அவர் தம்பி கேட்டுக்கொண்டார். இரண்டு பகல் எழுதினேன். ராவுத்தரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று அப்போது யோசித்தேன். காய்களைக் கொடுத்தார்கள், அவற்றைச் சுப்பையாவிடமே விட்டுவிட்டேன். தன்னைக் கள்ளன் என்று சொன்ன மனிதர் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரியவில்லை என்று சொன்னாரே, அந்தக் குரலைத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் கடிதத்தைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். வெளிநாட்டுக் கடிதத்துக்கு என்ன தபால்தலை ஒட்ட வேண்டும் என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. அது இங்கிலீஷ். பின்னால் பெரிய வரிசை. நான் திரும்பி, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "எனக்கு இது படிக்கத் தெரியாது, யாராச்சும் படிச்சுச் சொல்லுங்க" என்றேன்.