ராணிக்கு வசனம் கிடையாது

1. எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்கு அப்பா ஒரு சரித்திர நாடகம் எழுதினார்.
2. அதில் எனக்கு ராணி வேஷம்.
3. ராணிக்கு வசனம் கிடையாது.
4. மேடையில் ராணி எட்டு வரி பேசினாள்.
5. கூடமே கைதட்டியது. பாராட்டு முழுவதும் அப்பாவுக்குப் போனது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பிறர் செய்ததில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சொந்த வீட்டில் விட்டுப்போன ஒரு வரியைக் கண்டுபிடிக்கப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. தில்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்தப் பக்கத்துக் குறுநில மன்னன் ஒருவன் குளம் வெட்டிய கதையைத்தான் அப்பா நாடகமாக்கியிருந்தார். மன்னனுக்கு ஆறு பட்டப்பெயர்கள். அவன் குதிரைக்குக்கூடப் பெயர் இருந்தது. பாத்திரப் பட்டியலின் கடைசியில், வாயிற்காவலனுக்கும் கீழே, 'ராணி: மன்னனின் துணைவி' என்று இருந்தது. முதல் காட்சியில் ஆரத்தி எடுத்து மன்னனைப் போருக்கு அனுப்ப வேண்டும். கடைசிக் காட்சியில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைக்க வேண்டும். இடையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். சரித்திரத்தின் மேல் இருந்த அக்கறையால் அல்ல. மாடி வீட்டு அக்காவுக்கு மன்னன் வேஷம், ஒட்டு மீசை, மூன்று பக்க வசனம். எனக்கு ஒரு தாம்பாளம்.

"ராணி பேரு என்னப்பா?"

"ராணிதான்."

"அவ ஒண்ணுமே பேச மாட்டாளா?"

"அதான் ராசா பேசுதான்லா. நீ அழகா நின்னா போதும்ட்டி."

இரண்டு நாள் சாப்பிட மறுத்து அழுதேன். மேடையேற மாட்டேன் என்றேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். நடிக்கும் ஒன்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது. வீட்டில் பேசுவோம், அவ்வளவுதான். அதனால் அம்மா முழு நாடகத்தையும் ஹிந்தி எழுத்தில் ஒன்பது நோட்டுகளில் பெயர்த்து எழுதினார். ழகரம் வரும் இடமெல்லாம் கீழே ஒரு சின்ன வட்டம் போட்டார். அதைப் பார்த்தால் நாக்கை மடக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஆபீசில் நாள் முழுக்க ஹிந்திக் கோப்புகளோடு மல்லுக்கட்டும் அப்பா, அந்த நோட்டுகளில் ஒன்றையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவர் நாடகம்தானே, அதில் அவர் படிக்க என்ன இருக்கிறது?

என் நோட்டைத் திறந்தபோது கடைசிக் காட்சியில் ராணிக்கு எட்டு வரி இருந்தது. அப்பாவைக் கட்டிக்கொள்ள ஓடினேன். அம்மா கதவருகே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவியகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. மனசு மாறிட்டாவன்னா போச்சு. மேடையில பேசு, அது போதும்."

நம்பினேன். அழுததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று தம்பட்டமும் அடித்துக்கொண்டேன், மனசுக்குள்ளேயே. மாலை ஒத்திகைகளை அம்மாதான் நடத்தினார். அப்பா ஆபீசிலிருந்து வருவதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். அப்பா வந்து உட்கார்ந்த ஒரே ஒத்திகையில், நேரமில்லை, கடைசிக் காட்சி வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தாம்பாளத்தைக் கீழே போட்டேன்.

விழா நாளில் சமுதாயக் கூடத்தில் ஜனவரிக் குளிர். பட்டுப் பாவாடைக்கு மேலே ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலே நகைகள். மன்னன் போரில் வென்று திரும்பினான். நான் ஆரத்தித் தட்டை இறக்கிவைத்துவிட்டுப் பேசினேன்:

"நீங்கள் போருக்குப் போன மாதம் குளக்கரை உடைந்தது. ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் மண் சுமந்து அடைத்தேன். கல்வெட்டில் என் பெயரை எழுத இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள். மன்னன் அடைத்தான் என்று மட்டும் எழுதாதீர்கள்."

எட்டு வரியில், நோட்டைப் பார்க்காமல் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். இதற்கு மன்னன் ஒரு வரி பதில் சொல்ல வேண்டும். மாடி வீட்டு அக்காவுக்கு அது மறந்துவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து அம்மா எடுத்துக்கொடுத்தது அவள் காதில் விழவில்லை. நழுவும் மீசையைப் பிடித்துக்கொண்டு, ஹிந்தியில் "அச்சா" என்றாள். கூடம் சிரித்து, பிறகு கைதட்டியது.

முடிந்ததும் விழாக்குழுத் தலைவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராணியின் வசனம்தான் நாடகத்துக்கே உயிர் என்றார். அப்பா ஒரு கணம் தலைவரைப் பார்த்தார். பிறகு, "ஏதோ அப்படித் தோணிச்சு சார்" என்றார். பக்கத்தில் அம்மா தேநீர்க் குடுவையின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். நன்றியுரையில் 'ஆசிரியரின் துணைவியாரும் உதவினார்' என்று சொன்னார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் அம்மாவிடம் சொன்னேன், "பாத்தியா, அப்பா எனக்காக எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க. உனக்கு இப்படியெல்லாம் வருமா?"

"ஆமாட்டி," என்றார் அம்மா. "நல்லாத்தான் எழுதியிருக்காவ."

இதைச் சொன்னவள் நான். இந்த வரியைப் பட்டியலில் எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அப்பா ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நாடகத்தைப் புத்தகமாகப் போடப் போகிறாராம், தட்டச்சு என் பொறுப்பு. நான் வளர்ந்த பிறகு தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன். அவருடைய கைப்பிரதியில் ராணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்டதற்கு, "அந்த வசனம் இதுல விட்டுப்போச்சு. உன் பழைய நோட்டுல இருக்கும், சேத்துரு" என்றார். பொய் சொல்லவில்லை. தான்தான் எழுதியதாக உண்மையிலேயே நினைக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். அம்மாவின் கையெழுத்து, ழகரத்துக்கெல்லாம் அடியில் வட்டம். அதைக் கொண்டுபோய், பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் நீட்டினேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு வீட்ல சண்டையா? அந்தப் பாத்திரத்தக் கட்டுட்டி."

"உன் பேரைப் போடட்டுமா, வேண்டாமா?"

"ராணிக்கு முதல்ல ஒரு பேரு வை," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அச்சகத்துக்கு அனுப்பியாயிற்றா என்று அப்பா இரண்டு முறை கேட்டுவிட்டார். ராணிக்கு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறேன். முகப்புப் பக்கத்தில் அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. அம்மா சரி என்று சொல்லவில்லை. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கோப்பு என் கணினியில் இருக்கிறது.