காயலில் ஒரு பட்டா

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கப் போனபோது எங்களுக்குப் படகோட்டியவர் வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். தீவையும் காட்சிக் கோபுரத்தையும் காட்டிவிட்டு, திரும்பும்போது காயல் நடுவே படகை நிறுத்தி, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாச் சவாரியிலும் அப்படித்தானாம்.

"இங்க சாமி ஏதும் இருக்கா?" என்றேன்.

"என் நிலம் இருக்குங்க. உச்சவரம்புச் சட்டத்துல மிராசுதார் விட்டுக்குடுத்தது. பண்ணையில கூலியா இருந்த எனக்கு மந்திரியே மேடையில பட்டா குடுத்தாரு."

"தண்ணியால்ல இருக்கு?"

"குடுத்தப்பவும் தண்ணிதாங்க."

"மனு போடலையா?"

"போட்டேன். தாசில்தார் படகுல வந்து பார்த்தாரு. நஞ்சைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, படகைக் கரையை நோக்கிச் செலுத்தினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.